நாய் ஓடுற வீட்டுக்குத் தேக்கா, முதிரையா?

எங்கள் மேல்மாடி ஜன்னலடியில் மூன்று கிழமையாக நாலு பலகைத் துண்டுகள் கிடந்தன. காலையில் மீன்காரரின் ஹோன் கேட்டால் போதும், டைகர் எங்கே படுத்திருந்தாலும் எழும்பி அந்த ஜன்னலுக்குத்தான் பாயும். பின்னங்கால் இரண்டையும் ஊன்றி ஒரு திருகு திருகி, முன்னங்காலைத் தூக்கி ஜன்னல் கட்டின் மேல் வைத்துக்கொண்டு, மட்டக்களப்பில் எங்கள் கல்லடி முழுக்கக் கேட்கக் குரைக்கும். 22 கிலோ நாய். சும்மா நடந்து திரியும்போது அதன் நகம் தரையை ஒன்றும் செய்வதில்லை. அந்தத் திருகுதான் தரைக்கு எமன். அதனால்தான் பலகைகளை அந்த இடத்திலேயே போட்டேன்.

மேலே இரண்டு அறை, ஒரு விறாந்தை, எல்லாமாக 420 சதுர அடி. மரத்தரை போடவேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. நாயும் ஒரு கடுவன் பூனையும் உள்ள வீட்டில் அது எவ்வளவு புத்தியான வேலை என்பது என் சந்தேகம். கடைக்குப் போனால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஆகவே நாயிடமே கேட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் துண்டு, மாமியின் பழைய ஆரையம்பதி வீட்டை இடித்தபோது வந்த முதிரைத் தீராந்தியில், அதாவது உத்தரத்தில், அறுத்தது. இரண்டாவது மரக்காலையில் வாங்கிய தேக்கு. மூன்றாவது மஹோகனி. நாலாவது கடைக்காரர் மாதிரிக்குத் தந்த ஓக்: பிளைவூட் அடுக்குகளுக்கு மேலே 3 மில்லிமீற்றர் தடிப்பில் உண்மையான ஓக்கை ஒட்டி, தொழிற்சாலையிலேயே பூச்சும் அடித்து வருகிற பலகை. கடைகளில் 'எஞ்சினியர்ட் வூட்' என்று கேட்டால் காட்டுவார்கள்.

மரத்தின் கடினத்தை அளக்க ஜங்கா சோதனை என்று ஒன்று இருக்கிறது. 11.28 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் குண்டு ஒன்றைப் பாதி புதையும்வரை மரத்தில் அழுத்துவார்கள். அதற்கு எத்தனை இறாத்தல் விசை தேவைப்பட்டதோ அதுதான் அந்த மரத்தின் எண். அண்ணளவாகச் சொன்னால் மஹோகனி 900, தேக்கு 1,070, சிவப்பு ஓக் 1,290. முதிரை 2,620.

இந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் திடுக்கிட்டது. தேக்கு என்றால் மரங்களுக்கெல்லாம் ராசா என்றுதானே வளர்ந்தோம்? தேக்கின் பெருமை வேறு விதமானது. அதன் வைரத்தை, அதாவது உள்மரத்தை, கறையான் இலேசில் தொடாது, ஈரத்தில் உழுத்துப்போகாது, வெயிலுக்கும் மழைக்கும் அதிகம் கோணாது. கதவுக்கும் ஜன்னலுக்கும் அதைவிட என்ன வேண்டும்? ஆனால் நகத்துக்கு ஈடுகொடுக்கிற கடினம் என்று பார்த்தால் அது நடுத்தரம்தான். முதிரையோ நம்முடைய வரண்ட காட்டு மரம், மெதுவாக வளர்ந்து இறுகுவது. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833 இல் ஒற்றை வளைவாகக் கட்டிய பாலம் முழுக்க முதிரைதான். 1905 வரைக்கும் நின்றது.

மூன்று கிழமைக்குப் பிறகு துண்டுகளை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தோம். மஹோகனியில் நகம் போன வழியே விரலை வைத்தால் சின்ன வாய்க்கால் மாதிரித் தட்டுப்பட்டது. அழகான மரம், நாயில்லாத வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அதை அப்பவே ஒதுக்கிவிட்டேன். தேக்கில் கோடுகள் ஆழமில்லை. ஆனாலும் மண்ணிறத்தின் மேல் வெளிறிக் கிடந்ததால் தூரத்திலிருந்தே தெரிந்தது. ஓக் துண்டில் பள்ளம் எதுவும் இல்லை, சரித்துப் பிடித்தால் மட்டும் முடி மாதிரி வெள்ளைக் கீறல்கள். முதிரையைத்தான் கடைசியாக எடுத்தேன். முழுக்கக் கீறல்! இவ்வளவு கடினமான மரத்தில் இது எப்படி என்று விளங்காமல் தச்சுவேலை செய்யும் ஓடாவியாரிடம் காட்டினேன். அவர் கொஞ்சம் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்தார். கீறலோடு சேர்ந்து பொலிஷும் கழன்று வந்தது. உள்ளே மரம் அப்படியே இருந்தது.

"தம்பி, மரத்துல ஒண்டுமில்ல. மேல அடிச்ச பொலிஷ்தான் கீறிக் கிடக்கு. மரத்தப் பாத்துப் பாத்துக் கிறுகிறத உட்டுப்போட்டு பூச்சப் பாருங்க."

அந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு அன்றைய நாள் கூலி கொடுக்கலாம். நகம் முதலில் சந்திப்பது பூச்சைத்தான். மரம் கடினமா மென்மையா என்பது பூச்சு கிழிந்த பிறகு வருகிற கேள்வி.

நம்முடைய பக்கத்தில் பொலிஷ் என்று அடிப்பது அநேகமாக அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. கதிரைக்கும் அலுமாரிக்கும் அது தங்கம். தரைக்கு வேண்டாம். தண்ணீர் நின்றால் வெள்ளை பூக்கும், நாயின் நகத்துக்கு ஒரு நாள் தாங்காது. தரைக்கென்று உள்ளவை மூன்று வகை. பொலியூரிதேன் பூச்சு மரத்துக்கு மேலே கண்ணாடித்தோல் மாதிரிப் படியும். இரண்டு திரவத்தைக் கலந்து அடிக்கிற வகை, ஒற்றை டின்னில் வருவதைவிட உறுதி. ஈரம் உள்ளே இறங்காது, ஆனால் ஆழமாகக் கீறினால் அந்த இடத்தை மட்டும் பூசி மறைக்க முடியாது, ஒட்டுப் போட்டது தெரியும். அடுத்தது மெழுகெண்ணெய். இது மரத்துக்குள் ஊறிக்கொள்ளும். இலகுவாகக் கீறும், அதேபோல இலகுவாகத் திருத்தலாம்: கீறின இடத்தை மண்கடதாசியால் தேய்த்து ஒரு துணியில் எண்ணெயைத் தொட்டுத் தடவினால் முடிந்தது. மூன்றாவது அந்த ஓக் துண்டில் இருந்தது போல, அலுமினியம் ஒட்சைட்டுத் துகள் கலந்து தொழிற்சாலையில் இறுகவைத்த பூச்சு. கீறலுக்கு மிகவும் தாங்குவது அதுதான். ஒருமுறை கெட்டுப்போனால் வீட்டில் வைத்துத் திருத்துவது பெரும்பாடு.

நாய் மட்டும் இருந்திருந்தால் யோசிக்காமல் மெழுகெண்ணெய் என்றிருப்பேன். பூனைதான் கணக்கைக் குழப்பியது. எந்தப் பூச்சானாலும் மினுக்கம் இல்லாததை எடுங்கள் என்பதில் மட்டும் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. மினுங்குகிற தரையில் ஒரு கீறல் பத்துக் கீறலாகத் தெரியும், வழுக்கவும் செய்யும்.

இனி மூத்திரக் கதை. விலங்கு வளர்க்கிற வீட்டில் மரத்தரைக்கு முதல் எதிரி நகம் என்று நினைப்பவர்கள் இன்னும் கடுவன் பூனை வளர்க்கவில்லை என்று அர்த்தம். மூத்திரத்தில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைத்து அமோனியாவாக்கும். அந்தக் கார நெடிதான் மூக்கில் ஏறுவது. தேக்கு, ஓக், மஹோகனி போன்ற மரங்களில் தனின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது, அமோனியா பட்டால் அது கறுக்கும். மேலே துடைத்தால் போகிற கறை இல்லை இது, மரமே நிறம் மாறுவது. ஓக் துண்டின் ஒட்டு ஓரத்தில் எங்கள் கடுவன் ஒரு இரவு தன் முத்திரையைப் பதித்தது. மேல்பரப்பைத் துடைக்க ஒன்றும் தெரியவில்லை. அறுத்த ஓரத்தில் மட்டும் கறுப்பு மெல்ல ஊறி ஏறியிருந்தது. பலகையும் பலகையும் சேருகிற பொருத்து எல்லாமே இப்படி ஓரங்கள்தான். அதனால் தொழிற்சாலையிலேயே பூச்சு முடித்து வருகிற பலகையைவிட, போட்டு முடித்த பிறகு முழுத் தரைக்கும் ஒன்றாகப் பூச்சு அடிக்கிற முறை பூனை வீட்டுக்கு நல்லது. பொருத்துகளும் மூடப்படும்.

கழுவுகிற மருந்திலும் ஒரு கவனம். பினாயில் வாசம் வந்தால்தான் வீடு சுத்தம் என்று நினைக்கிற ஊர் நம்முடையது. பீனோல் சேர்ந்த திரவங்களைப் பூனையின் ஈரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. தரையில் பட்டதைக் காலால் மிதித்து, காலை நக்கும்போது உள்ளே போகும். குளோரீன் தண்ணீரை மூத்திரத்துக்கு மேலே ஊற்றுவதும் பிழை, நச்சுவாயு கிளம்பும். உடனே ஒற்றியெடுத்து, என்சைம் உள்ள திரவத்தால் துடைப்பதுதான் வழி. எல்லாவற்றுக்கும் முன்னால் நாங்கள் செய்தது கடுவனுக்கு ஒப்பரேஷன். அதோடு சுவருக்குச் சுவர் பீய்ச்சுவது அநேகமாக நின்றது. தரைக்குச் செலவழித்த காசில் மிகவும் பிரயோசனமான காசு அதுதான் என்று இப்பவும் சொல்வேன்.

கடையில் யாரும் சொல்லாத விசயம் ஒன்று உண்டு, எங்கள் காத்து. ஆனி ஆடியில் வரண்ட கச்சான் காற்று வீசும்போது வீட்டுக் கதவெல்லாம் தானாகத் திறக்கும். கார்த்திகை மார்கழி மழையில் அதே கதவைத் தோளால் இடிக்கவேண்டும். தரைப் பலகைக்கும் அதே கதைதான். தேக்கைச் சாதாரணமாகப் படப்பலகையாக, அதாவது அடிமரத்தை நேரே தட்டுத் தட்டாக, அறுத்தால், மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறும்போது 4 அங்குலப் பலகை ஏறத்தாழ முக்கால் மில்லிமீற்றர் அகலும், அல்லது ஒடுங்கும். கேட்கச் சின்னதுதான். 12 அடி அகல அறையில் 36 பலகை. கூட்டிப் பாருங்கள், 27 மில்லிமீற்றர், ஒரு அங்குலத்துக்கும் மேல்! சுவரோரத்தில் இடைவெளி விடாமல் இறுக்கிப் போட்டால் மாரியில் நடுவில் கூடாரம் மாதிரித் தூக்கிவிடும். நடுவைரத்திலிருந்து வெளிநோக்கி ஆரைப்போக்கில் அறுத்த பலகை அசைவது இதில் பாதியளவுதான். மரம் கொஞ்சம் வீணாகும், அறுகூலி கூடும், ஆனாலும் அப்படி அறுக்கச் சொல்லிக் கேளுங்கள். அகலமான பலகை பார்க்கக் கம்பீரம் என்று 6 அங்குலத்துக்கு ஆசைப்பட்டேன். ஓடாவியார் 3 அங்குலத்துக்கு மேல் போகமாட்டேன் என்று நின்றுவிட்டார். அவர் சொன்னது சரி: ஒடுங்கலான பலகையில் ஒவ்வொரு பொருத்தும் கொஞ்சம் கொஞ்சமாக அசைவைப் பங்குபோட்டுக்கொள்ளும். கச்சானில் வாய்திறக்கிற பெரிய வெடிப்பில் நாய்மயிரும் மண்ணும் அடைவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

பிளைவூட் மேல் ஒட்டிய பலகை இந்த இடத்தில்தான் முன்னுக்கு வருகிறது. அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால் அசைவு குறைவு. உள்ளுக்கு ஏசி போட்டு ஜன்னலை அடைத்து வைக்கிற வீடானால் அதையே எடுங்கள் என்பேன். எனக்கு அதில் பிடிக்காதது அந்த 3 மில்லிமீற்றர். ஒருமுறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறை சீவித் தேய்க்கலாம், அதற்குப் பிறகு பிளைவூட் தெரியும். முக்கால் அங்குல முழுப்பலகையைப் பேரப்பிள்ளை காலம்வரை தேய்க்கலாம்.

லெமினேற் பற்றி நீட்டத் தேவையில்லை. மேல்தாள் கடினமானது, தேய்வைத் தாங்கும் அளவைக் காட்டுகிற ஏசி-4 தர எண் உள்ளதில் நகம் கீறுவது அரிது. உள்ளே இருப்பது அமுக்கிய மரத்தூள். பொருத்து வழியாக ஈரம் போனால் ஓரம் உப்பும், உப்பினது இறங்காது. காரைதீவில் ஒரு சிநேகிதன் வீட்டில் நாய்க்குட்டி வந்து ஆறு மாதத்தில் கட்டிலைச் சுற்றி எல்லா ஓரமும் அப்பளம் மாதிரிக் கிளம்பியிருந்தது.

எஸ்.பி.சி. வினைல் என்று இப்போது எல்லா இடத்திலும் வருகிறதே, சுண்ணக்கல் தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை, அதை மட்டமாகச் சொல்லமாட்டேன். தண்ணீருக்கும் மூத்திரத்துக்கும் அசையாது. மேல்படை 0.5 மில்லிமீற்றர் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் நகத்துக்கும் தாங்கும். நேர்வெயில் விழுகிற கண்ணாடிக் கதவோரத்தில் சூடேறி விரியும் என்பதும், ஒருமுறை தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும் என்பதும் குறைகள். மரத்தின் படம் போட்ட பிளாஸ்டிக்கில் நடக்கிறோம் என்ற எண்ணம் உறுத்தாதவர்களுக்கு, நாலைந்து நாய் வளர்க்கிறவர்களுக்கு, காசுக்கு அதுதான் ஆதாயம்.

கீழ்மாடிக்கு இந்த ஆராய்ச்சி ஒன்றுமே வேண்டாம். 2011 தை மாத வெள்ளத்தில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் கிழக்கே உள்ள எழுவான்கரையின் பள்ளக் காணிகளிலும் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் நின்றது என்று கண்டவர்கள் நாம். நிலத்தோடு கிடக்கிற தளத்தில் மரத்தை ஒட்டினால் வெள்ளம் ஒருபக்கம், கறையான் மறுபக்கம். அங்கே டைல்ஸோ பழைய சிவப்புச் சீமெந்தோதான் சரி. நாய்க்கும் அதுதான் விருப்பம். கச்சான் கொதிக்கிற மத்தியானத்தில் டைகர் நாலு காலையும் பரப்பி வயிற்றைச் சீமெந்தில் ஒட்டிக்கொண்டு படுப்பது குசினி வாசலில். எவ்வளவு நல்ல முதிரையும் அந்தக் குளிர்ச்சியைத் தராது. வயதான நாய் மினுங்கல் டைல்ஸில் பின்னங்கால் வழுக்கி இடுப்பு நோகும் என்பது உண்மை. அதற்கு ஒரு சாக்கு விரிப்புப் போதும்.

மேல்தளமாக இருந்தாலும் புதுக் கொங்கிறீற் காயவேண்டும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு, 5 அங்குலத் தட்டுக்கு ஐந்து மாதம். ஒரு முழச் சதுரப் பொலித்தீன் துண்டின் நாலு ஓரத்தையும் ரேப்பால் ஒட்டி, ஒரு இரவும் பகலும் விட்டுப் பிரியுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்கவேண்டும். நாங்கள் மூன்றாம் முறைதான் தேறினோம்.

மரம் எடுக்கிற இடத்தில் ஏமாறுவது எளிது. தேக்கு என்று வாங்கினால் வைரம் எவ்வளவு, அதைச் சுற்றியுள்ள வெள்ளை எவ்வளவு என்று பலகை பலகையாகப் பாருங்கள். இளம் மரத்தில் வெள்ளைதான் கூட, கறையான் தேக்கின் வெள்ளையை விட்டுவைக்காது. அரச மரக் கூட்டுத்தாபன விற்பனை நிலையத்திலோ பற்றுச்சீட்டுத் தருகிற மரக்காலையிலோ எடுத்தால் நித்திரை கொள்ளலாம். முதிரை மலிவாகத் தருகிறேன், இரவோடிரவாக இறக்குகிறேன் என்று ஒருவர் வந்தார். வனத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் இல்லாத காட்டு மரம் அது. வேண்டாம் என்றுவிட்டேன். பழைய வீட்டு மரம் வைத்திருந்தாலும் லொறியில் ஏற்றுமுன் வன அலுவலகத்தில் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது. வளவில் பலா நிற்கிறதே என்பவர்களுக்கு: பலகை நல்ல பலகைதான், ஆனால் தறிக்கப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். பாலை மரம் தண்ணீரில் தாழுகிற பாரம், சீவுளி வாய் மழுங்கியே ஓடாவியார் ஓடிவிடுவார். பனையைப் பற்றி மாமா ஒருவர் விடாமல் சொன்னார். பனஞ்சிராம்பு நாயின் பாதத்தில் ஏறினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லி அவரை அடக்கினோம்.

கடைசியில் முதிரைதான் என்று முடிவாயிற்று, மாமி வீட்டுத் தீராந்திகள் சும்மா கிடந்ததால்தான் அது முடிந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். புதிதாக விலைக்கு எடுக்க எங்களுக்குக் கட்டாது. பழைய மரத்துக்கும் பாடு உண்டு. மர ஆலைக்காரர் ஆணி இருந்தால் வாளை வைக்கமாட்டேன் என்றார், இரண்டு நாள் காந்தத்தோடு உட்கார்ந்து ஆணி பிடுங்கினோம். முதிரைத் தூள் தோலுக்கு ஆகாது. சீவிய இரண்டாம் நாளே ஓடாவியாரின் முழங்கைக்குக் கீழே தடித்துச் சிவந்துவிட்டது, பிறகு முழுக்கைச் சட்டையும் முகமூடியும் போட்டுத்தான் வேலை செய்தார். அறுத்து அடுக்கிப் பார்த்தால் 260 சதுர அடிக்குத்தான் கண்டது. நாய் ஓடுற விறாந்தைக்கும் ஜன்னல் உள்ள அறைக்கும் அதைப் போட்டு, மற்ற அறைக்குத் தேக்கு வாங்கினோம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் ஊறியிருப்பதால் தின்னரால் துடைத்து உடனே பூச்சு அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் உரியும். பூச்சு இரண்டுக்கும் ஒன்றுதான்: மினுக்கமில்லாத இரு-திரவப் பொலியூரிதேன், மூன்று தரம். பூச்சு நன்றாக இறுகும்வரை ஒரு கிழமை நாயையும் பூனையையும் படியேறவிடவில்லை. படியடியில் டைகர் விட்ட ஊளைக்குப் பக்கத்து வளவு மாமி வந்து விசாரித்தா.

ஜன்னலடியில் மட்டும் ஓடாவியார் ஒரு வேலை பார்த்தார். மூன்று பலகையை ஆணியடிக்காமல், மேலிருந்து கழற்றக்கூடிய மாதிரி ஸ்குரூவால் முடுக்கிவிட்டார். "அவர் எப்பிடியும் மீன்காரனுக்குக் குரைக்கத்தான் போறார்" என்று நாயைக் காட்டிச் சொன்னார். எட்டு மாதமாயிற்று. விறாந்தையில் சரித்துப் பார்த்தால்கூடப் பெரிதாக ஒன்றுமில்லை. தேக்கு அறையில் கட்டிலோரம் நாலைந்து கோடு. அந்த மூன்று பலகையில் பூச்சு பால்நிறமாகிவிட்டது, மரம் அப்படியே இருக்கிறது. மாற்றுவதற்கென்று அதே தீராந்தியில் அறுத்த நாலு துண்டு இருக்கின்றன. அவற்றையும் பூச்சடித்து, கட்டிலுக்கடியில் தள்ளாமல் அதே ஜன்னல் வெளிச்சத்தில் சுவரோடு சாத்தி வைத்திருக்கிறேன். முதிரை வெளிச்சம் பட்டுப் பட்டுப் பொன்னிறம் ஏறுகிற மரம். இருட்டில் கிடந்த பலகையை நடுவில் போட்டால் ஒட்டுப் போட்ட சாரம் மாதிரித் தெரியும்.